பாதி முகம், இரண்டு தடவை

மார்ச் 3, செவ்வாய்

முழங்கால் வலி தேவலை. குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. மாப்பிள்ளையிடம் மூன்றாவது முறையாகச் சொன்னேன். "டயர்ல ஓட்டைன்னா அஞ்சு நிமிஷ வேலை மாமா. குழாயைப் பார்த்தா எனக்குக் கை நடுங்குது" என்கிறார். டயர் கடை வைத்திருப்பவருக்கு உலகமே டயர்தான்.

சோப்புக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஐம்பதாவது ஆண்டாம். "புதிய தோற்றத்துக்கு மாறுகிறோம். உறையிலும் சோப்பிலும் உள்ள குழந்தை முகம் விலக்கிக்கொள்ளப்படுகிறது. நீண்ட காலம் எங்களுடன் பயணித்தவர் என்ற முறையில் தங்களுக்குத் தெரிவிக்கிறோம்."

பயணித்தவனாம். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் தூங்கி விழுந்துகொண்டு வந்தவன் மாதிரி. அந்த முகத்தை வரைந்தவன் நான். முப்பத்தெட்டு வருஷமாக எந்தக் கடைக்குப் போனாலும் அலமாரியிலிருந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. என் பெயர் எவனுக்கும் தெரியாது. அந்த முகத்தைத் தெரியாதவன் கிடையாது.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். அச்சகத்தில் தகடு கழுவப் போய், கழுவிய தகடுகளைப் பார்த்துப் பார்த்தே வரையக் கற்றுக்கொண்டேன். ஒருத்தன் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்குக் கடிதம் போடுகிறார்கள், தெரிவிக்கிறார்களாம்.

மார்ச் 5, வியாழன்

பதில் எழுதிவிட்டேன். நான்கு பக்கம். பெண் வேலைக்குப் போகிற வழியில் தபாலில் சேர்த்தாள். "என்ன எழுதியிருக்கேன்னு கேக்க மாட்டியா?" என்றேன். "அதான் ஒட்டிட்டீங்களேப்பா" என்றாள்.

மார்ச் 12, வியாழன்

கம்பெனிக்குப் போயிருந்தேன். வரவேற்பறையில் ஒரு மணி நாற்பது நிமிஷம் உட்கார வைத்தார்கள். எதிர்ச் சுவரில் நான் வரைந்த முகம், ஆள் உயரத்துக்கு. அதன் கீழே யாரோ குடையைச் சாத்திவைத்திருந்தார்கள். என் கழுத்தில் 'பார்வையாளர்' என்று ஓர் அட்டையை மாட்டினார்கள். அதைத் தொங்கவிட்டுக்கொண்டு அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தது அவமானமாக இருந்தது.

உள்ளே முதலாளியம்மா. பெரிய முதலாளியின் பெண். சின்ன வயதில் என் மேசைக்கு வந்து வண்ணக் குப்பிகளைக் கவிழ்த்தவள். பக்கத்தில் தடித்த கண்ணாடி போட்ட ஒரு டிசைன்காரர். முப்பது வயது இருக்கும். எதைக் காட்டினாலும் "இன்னும் கொஞ்சம் குறைக்கலாம்" என்கிறார். மனதுக்குள் அவருக்குக் குறைச்சல் என்று பெயர் வைத்துவிட்டேன்.

குறைச்சல் திரையில் வரிசையாகப் படம் காட்டினார். முதலில் என் முகம். அடுத்ததில் முடி போயிற்று. அடுத்ததில் காது போயிற்று. அப்புறம் இரண்டு கண்ணும் ஒரு சிரிப்பும் மட்டும். கடைசியில் ஓர் இலை. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனதைப் பழமொழியாகத்தான் கேட்டிருக்கிறேன். இன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

"முகத்துல ஒரு கதை வேணும் ஐயா. இது யாருன்னு யாருக்கும் தெரியாது. பொதுவா ஒரு குழந்தை, அவ்வளவுதான்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்.

"பொதுவா ஒரு குழந்தை இல்ல. அது என் பொண்ணு."

முதலாளியம்மா நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார். "ஐயா, இதை ஏன் யாருமே சொல்லலை? அவங்க இருக்காங்களா? இந்த ஊர்லதான் இருக்காங்களா?" குறைச்சல் எழுந்தே நின்றுவிட்டார். அன்று ஆறு வயதுக் குழந்தை, இன்று நாற்பத்து நாலு வயதுப் பெண்மணி, பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஐம்பதாவது ஆண்டு விளம்பரம் — இவ்வளவையும் கையாலேயே காற்றில் வரைந்து காட்டினார். அவள் வந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் முகம் இருக்கும். இல்லாவிட்டால் இலை.

"வருவா" என்றேன்.

அவளை இன்னும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அப்பன் சொன்னால் வருவாள்.

மார்ச் 13, வெள்ளி

சாப்பிடும்போது சொன்னேன். அவள் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"எந்த மூஞ்சி?"

"சோப்பு மூஞ்சி."

"அது நான்னு சொல்லிட்டீங்களா?"

"நீதானே?"

மாப்பிள்ளை கையை உதறிக்கொண்டு சிரித்தார். "அடப்பாவமே! இத்தனை வருஷமா என் பொண்டாட்டியைத் தேய்ச்சா குளிச்சுட்டு இருந்தேன்? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, கொஞ்சம் மரியாதையா தேய்ச்சிருப்பேனே!"

அவள் சிரிக்கவில்லை. எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

மார்ச் 15, ஞாயிறு

கல்யாணமாகிப் பதினைந்து வருஷம். கட்டினவனிடம்கூடச் சொல்லவில்லை. ஊரெல்லாம் பார்க்கிற முகம், தன் முகம் என்று ஒரு பெருமை வேண்டாமா? நானாக இருந்தால் நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு திரிந்திருப்பேன்.

மார்ச் 19, வியாழன்

ஆறு நாள் பேசாமல் இருந்தாள். அவளும் என் ரத்தம்தானே. நானும் பேசவில்லை. இன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நேராக என் அறைக்கு வந்தாள். எக்ஸ்ரே எடுக்கிற வேலை. நாள் முழுக்க இருட்டறையில் இருந்துவிட்டு வருகிறவள், விளக்கைப் போட்டதும் கண்ணைச் சுருக்கினாள்.

"உங்களுக்கு இது வேணுமாப்பா?"

"எனக்கு என்ன இருக்கு? உன் முகம், உனக்குத்தான்—"

"உங்களுக்கு வேணுமான்னு கேட்டேன்."

"வேணும்."

"சரி. அடுத்த வியாழக்கிழமை லீவு போடறேன்."

நான் சொல்லவில்லை? வருவாள் என்று?

மார்ச் 26, வியாழன்

படம் எடுத்தாயிற்று. கையெழுத்தும் ஆயிற்று. முகம் இருக்கப்போகிறது. ஜெயித்துவிட்டேன். நடந்ததை எழுதுகிறேன்.

வெள்ளைத் துணி கட்டிய அறையில் ஒரு முக்காலியில் அவளை உட்கார வைத்தார்கள். பின்னால் சட்டம் போட்ட என் பழைய மூலப்படம். கண்ணை அகல விரித்துச் சிரிக்கிற குழந்தை, நடு வகிடு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சுருள் முடி. குறைச்சல் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

என் பெண்ணுக்கு இடது கண் இமை பாதிதான் திறக்கும். பிறவியில் வந்தது. பார்வைக்கு ஒன்றும் குறையில்லை.

"சார், அவங்க கண்ணு..." என்று இழுத்தார். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். எப்படி வரைந்தேன் என்று இதுவரை எவனும் என்னைக் கேட்டதில்லை. எனவே விளக்கமாகச் சொன்னேன். டிரேசிங் பேப்பரை நடுவில் மடித்துக்கொள்வேன். முகத்தில் ஒரு பாதியை மட்டும் வரைவேன். பேப்பரைத் திருப்பிப் போட்டு அதே கோட்டின் மேல் ஓட்டினால் மறுபாதி தானாக வந்துவிடும். மூக்கு கோணாது, காது ஏறி இறங்காது. சோப்பில் குத்துகிற அச்சு வெட்டுவதற்கும் அதுதான் சுலபம்.

"பெருவிரல் அகலத்துக்கு அச்சாகிற படம். அதுல ஒரு கண்ணு மட்டும் பாதி மூடியிருந்தா பார்க்கிறவன் என்ன நினைப்பான்? அச்சுப் பிழைன்னு நினைப்பான். கடைக்காரன் சரக்கைத் திருப்பி அனுப்புவான். அதனால நல்ல பக்கத்தை எடுத்து ரெண்டு தடவை போட்டேன்."

குறைச்சல் தலையாட்டினார். "புரியுது சார். நாங்களும் அதையேதான் செய்வோம்." அவள் பக்கம் திரும்பி, "கவலைப்படாதீங்க மேடம், கம்ப்யூட்டர்ல ரெண்டு நிமிஷ வேலை. தெரியவே தெரியாது" என்றார்.

என் பெண் சிரித்தாள். "எங்கப்பாவுக்கும் ரொம்ப நேரம் ஆகலை" என்றாள்.

பிறகு காமிராவைப் பார்த்து யாரும் சொல்லாமலே தலையைத் திருப்பி வலது கன்னத்தைக் காட்டினாள். கையெழுத்துப் போட்டாள். வருகிற வழியில் கடையில் நின்று எனக்கு முழங்கால் தைலம் வாங்கினாள்.

நான் தொழில் விஷயத்தைத்தான் சொன்னேன். அதில் என்ன தப்பு?

மார்ச் 27, வெள்ளி

ஒரு தப்பும் இல்லை.

மார்ச் 29, ஞாயிறு

இதை எழுதத்தான் வேண்டுமா? எழுதுகிறேன்.

காலையில் குளிக்கப் போனேன். புது சோப்பு, நேற்றுதான் பிரித்தது. முகத்தின் இடது கண் அமுங்கிப் பள்ளமாகக் கிடந்தது. எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. முகம் வெளிவந்த புதிதில் மாதாமாதம் கம்பெனியிலிருந்து ஒரு பெட்டி சோப்பு வீட்டுக்கு வரும். எடுத்த சோப்பிலெல்லாம் இதே கண் அமுங்கியிருக்கும். அச்சு சரியில்லை என்று நான்தான் கம்பெனிக்குப் புகார் எழுதினேன். அச்சில் பழுதே இல்லை என்று சாதித்தார்கள். நான் விடவில்லை. அப்புறம் வருஷக்கணக்கில் சோப்பை உற்றுப் பார்க்கவே இல்லை.

இன்று சோப்பைத் துண்டில் ஏந்திக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். இத்தனை வருஷம் கழித்து என் வார்த்தை ஜெயித்துவிட்ட சந்தோஷம். "பாத்தியா! அன்னிக்கே சொன்னேன். இன்னிக்கு வரைக்கும் அந்த அச்சைச் சரி பண்ணலை பாரு!"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அச்சுல பழுது இல்லப்பா. நான்தான்."

"என்ன நீதான்?"

சோப்பை என் கையிலிருந்து வாங்கினாள். கட்டை விரலை அந்தப் பள்ளத்தில் வைத்தாள். அளவெடுத்த மாதிரி பொருந்தியது.

"நனைஞ்சதும் ஒரு அழுத்து. அப்புறம்தான் குளிப்பேன். பழக்கமாயிடுச்சு."

"எத்தனை நாளா?"

"சோப்பு வந்த நாள்ல இருந்து. ஆறு வயசு எனக்கு."

நின்றேன். ஈரம் தரையில் சொட்டியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள். கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் நானும் கத்தியிருப்பேன். தப்பித்திருப்பேன்.

"பள்ளிக்கூடத்துல சொன்னேன், சோப்புல இருக்கறது நான்னு. 'பொய் சொல்றா, இவளுக்கு ஒரு கண்ணு தூங்குது, அதுக்கு ரெண்டும் முழிச்சிருக்கு'ன்னாங்க. ஒரு பிள்ளை சோப்பை என் மூஞ்சிக்குப் பக்கத்துல வச்சுக் காட்டினா. அதுக்கப்புறம் நான் யார்கிட்டயும் சொல்லலை. அது நீங்க ஆசைப்பட்ட பொண்ணுன்னு நினைச்சுக்கிட்டேன். எனக்குப் பதிலா பிறந்திருக்க வேண்டியவ."

"அப்படியெல்லாம் இல்லம்மா—"

"தெரியும். வியாழக்கிழமை நீங்க சொன்னீங்களே. வேற பொண்ணு இல்லை, என் பாதி மூஞ்சியே ரெண்டு தடவைன்னு. அதுல ஒரு நிம்மதிகூட." ஒரு சட்டையை மடித்து வைத்தாள். "இன்னொரு பாதிதான் நல்ல பக்கம் இல்லை போல."

அச்சுப் பிழை. அவளை முக்காலியில் உட்கார வைத்துக்கொண்டு, அவள் எதிரிலேயே, அந்நியர் நடுவில் நின்று சொன்னேன். நல்ல பக்கம் என்று சொன்னேன். இந்த வாய்தான். எழுபத்தாறு வயசுக் கிழவன், பெருமையாகச் சொன்னேன்.

மார்ச் 30, திங்கள்

அச்சு வெட்டியவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். மெலிந்த மனிதர், விரல் நுனியெல்லாம் வெட்டுக்காயம். என் புகாரைப் பார்த்துவிட்டு அச்சையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். "நீங்களே பாருங்கண்ணே, ரெண்டு கண்ணும் ஒரே ஆழம்" என்றார். பார்த்தேன். ஒரே ஆழம்தான். ஆனால் சோப்பு பொய் சொல்லுமா என்றேன். நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்.

அவரை அச்சுப் பிரிவிலிருந்து எடுத்து, பெட்டியில் சோப்பு அடுக்குகிற வேலைக்கு அனுப்பினார்கள். ஓய்வு பெறும்வரை அடுக்கினார். செத்துப்போய்ப் பத்து வருஷமாகிறது. உயிரோடிருந்தால் போய் மன்னிப்புக் கேட்டிருப்பேனா?

மாட்டேன். ஏதாவது காரணம் கண்டுபிடித்திருப்பேன். இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன்.

அவர் வீட்டுக்கு வந்த அன்று அவள் கதவு ஓரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அதட்டி உள்ளே அனுப்பினேன்.

மார்ச் 31, செவ்வாய்

இன்று வேறு கடையில் வேறு சோப்பு வாங்கிவந்து வைத்தேன். ஒருவரும் தொடவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

சரி, இடது பாதியையும் வரைந்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். பேப்பரை மடிக்காமல் வைத்தேன். வலது பாதி கண்ணை மூடிக்கொண்டே வந்தது. இடது பக்கம் வந்ததும் பென்சில் நின்றுவிட்டது. ஆறு வயதில் அந்த இமை எவ்வளவு இறங்கியிருந்தது? பாதியா? முக்காலா? எனக்குத் தெரியவில்லை.

புகைப்பட ஆல்பத்தை எடுத்தேன். ஒன்று விடாமல் புரட்டினேன். முதல் நாள் பள்ளிக்கூடம், வலது கன்னம். பரிசு வாங்கியது, வலது கன்னம். கல்யாணத்தில்கூட வலது கன்னம். "கொஞ்சம் திரும்பும்மா" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னது யார்? காமிராவுக்குப் பின்னால் யார் நின்றது? சொல்லிச் சொல்லி, சொல்லாமலே திரும்புகிற மாதிரி ஆக்கிவிட்டேன்.

படத்தை முதன்முதலில் அவள் அம்மாவிடம் காட்டியதும் நினைவுக்கு வருகிறது. பார்த்துவிட்டு, "யாருங்க இது?" என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவள் போய்ச் சேர்ந்து எட்டு வருஷமாயிற்று. இன்றைக்குத்தான் புரிகிறது, அவள் விளையாடவில்லை.

இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசை. இடது ஓரம் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. அந்த ஓரத்தில்தான் அவள் நாற்காலி. அவளுக்கு இடது பக்கம் சுவர். சின்ன வயதிலிருந்து அதே இடம். வருகிறவர்கள் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று அங்கே போட்டேனா, தற்செயலா? சத்தியமாக நினைவில்லை. நினைவில்லை என்பதை நானே நம்பவும் இல்லை.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அந்தக் காக்கைக்கு இருந்த புத்திகூட எனக்கு இல்லை.

ஏப்ரல் 6, திங்கள்

கம்பெனியிலிருந்து விளம்பரத்தின் மாதிரி வந்தது. கெட்டி அட்டையில், ஒரு கதவின் பாதி உயரம். ஒரு பக்கம் குழந்தை, மறுபக்கம் என் பெண். நரை ஓடிய முடி, என் மூக்கு, இரண்டு கண்ணும் அகலத் திறந்து.

மாப்பிள்ளை கடையிலிருந்து வந்தார். கையில் சாவியோடு அப்படியே நின்றார்.

"யாரு மாமா இது?"

எதற்கெடுத்தாலும் கேலி செய்கிறவர். இந்தத் தடவை கேலி இல்லை. ஒரு நிமிஷம் கழித்துத்தான் அவருக்குப் புரிந்தது. "ஓ" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பவும் வெளியே போய்விட்டார்.

அவள் வந்து பார்த்தாள். கிட்டப் போய், தள்ளி நின்று, எக்ஸ்ரே படத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"நல்லா இருக்குப்பா. உங்க கை வேலை மாதிரியே இருக்கு."

"நிறுத்தச் சொல்லிடட்டுமா?"

"எதுக்கு? வேணும்னீங்க. குடுத்துட்டேன். நான் ஆஸ்பத்திரில எடுக்கற படத்துல யாருக்கும் இமையே தெரியாது. எலும்புதான். எனக்குப் பழக்கம்தான், விடுங்க."

விடுங்க என்கிறாள். எனக்காகக் கொடுத்தாளாம். பிச்சைக்காரன் தட்டில் போடுகிற மாதிரிகூட இல்லை. அதில் போடுகிறவனுக்குக் கொஞ்சம் சந்தோஷமாவது இருக்கும்.

ஏப்ரல் 7, செவ்வாய்

காலையில் அவளுக்குத் தெரியாமல் கம்பெனிக்குப் போனேன். இந்தத் தடவை காக்க வைக்கவில்லை. காப்பி கொடுத்தார்கள்.

விளம்பரத்தை நிறுத்த வேண்டும், முகத்தை எடுத்துவிட வேண்டும், இலையே இருக்கட்டும் என்றேன். முதலாளியம்மா சிரித்தார். வேடிக்கை என்று நினைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, கையெழுத்து இருக்கிறது, இப்போது என்ன காரணம் என்று கேட்டார்.

காரணம் சொல்லலாம். சொன்னால் அவள் கண்ணைப் பற்றிப் பேச வேண்டும். சோப்பைப் பற்றி, கட்டை விரலைப் பற்றி. அந்த மேசையைச் சுற்றி ஐந்து பேர். மறுபடியும் அந்நியர் நடுவில் அவளை முக்காலியில் உட்கார வைக்க வேண்டும். கதை வேண்டும் என்று அலைகிறவர்கள். அதையும் கதையாக்கிவிடுவார்கள்.

"அது என் பொண்ணு இல்லம்மா" என்றேன். "பொய் சொன்னேன். மனசுல இருந்து வரைஞ்ச மூஞ்சி. யாரோடதும் இல்லை. படத்தைக் காப்பாத்தணும்னு அன்னிக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்."

முதலாளியம்மாவின் முகம் சிவந்தது. "ஐயா, உங்களை நம்பி எல்லா ஊருக்கும் சொல்லத் தயாரா இருந்தோம். பொய்யை உறையில போட்டு விக்கச் சொல்றீங்களா? எங்கப்பா உங்களை எவ்வளவு நம்பினாரு!"

"தப்புதான்."

என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை நானே வேறு யாரோ பேசுவதுபோலக் கேட்டேன். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவளிடம் வரவில்லை. இங்கே வருகிறது.

கம்ப்யூட்டரில் அந்தக் கண்ணைத் திறந்தவரே குறைச்சல்தான். புள்ளி புள்ளியாக உற்றுப் பார்த்துத் திறந்திருப்பார். அதற்கு முன்னால் குழந்தையின் மூக்கும் அவள் மூக்கும் ஒன்றுதான் என்பதையும் பார்த்திருப்பார். என் மூக்கைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். படிவரை கூடவே வந்தார்.

"பாத்து இறங்குங்க ஐயா" என்றார். பிறகு மெதுவாக, "நானும் கேட்டிருக்கணும், அவங்களை" என்றார்.

பார்வையாளர் அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வந்தேன். சுவரிலிருந்த முகத்தைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 8, புதன்

பொய்யன் என்று பெயர் வாங்கியாயிற்று. நாற்பது வருஷம் போன இடமெல்லாம் சண்டைக்காரன் என்றார்கள், திமிர் பிடித்தவன் என்றார்கள். பொய்யன் என்று யாரும் சொன்னதில்லை.

ஏப்ரல் 11, சனி

பெண் மதியமே வந்துவிட்டாள். பையை மாட்டியபடியே என் அறை வாசலில் நின்றாள்.

"நான் உங்க பொண்ணு இல்லையாமே?"

"யார் சொன்னது?"

"நீங்கதானாம். கம்பெனியில இருந்து போன் வந்துச்சு. உங்க வீட்டுப் பெரியவர் எங்களைத் தவறா வழிநடத்திட்டார், உங்களுக்குச் சிரமம் குடுத்ததுக்கு மன்னிக்கணும்னு. முகத்தை எடுத்துட்டாங்களாம்."

நான் கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தேன்.

"நல்ல வேளை, மூக்கு உங்க மூக்கு" என்றாள். "இல்லேன்னா நானே நம்பியிருப்பேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். மன்னிச்சுக்கோம்மா. அவ்வளவுதான். சின்னக் குழந்தைகூடச் சொல்லும். நான் சொன்னது என்ன தெரியுமா? "அந்தக் குழாயை இன்னும் சரி பண்ணலையே உன் புருஷன்."

அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "சொல்றேன்" என்று போய்விட்டாள்.

வெட்கக்கேடு. எழுதும்போதே கை கூசுகிறது.

ஏப்ரல் 13, திங்கள்

குழாயை நானே சரி செய்தேன். முழங்கால் வலிக்கிறது.

மே 20, புதன்

புது உறையில் சோப்பு கடைக்கு வந்துவிட்டது. ஒன்று வாங்கிவந்தேன். இலை நன்றாக இல்லை. காம்பு தடித்துவிட்டது. நரம்புகள் ஒரு பக்கம் கூடுதல், ஒரு பக்கம் குறைச்சல். எவனும் கவனித்திருக்க மாட்டான். குளியலறையில் பழையதை எடுத்துவிட்டு அதை வைத்தேன். மாலையில் போய்ப் பார்த்தேன். எல்லாரும் குளித்தாயிற்று. சோப்பில் எங்கும் பள்ளம் இல்லை.

ராத்திரி அவள் கூடத்துக்கு வருவதற்கு முன் சாப்பாட்டு மேசையைச் சுவரிலிருந்து இழுத்தேன். கனமான மேசை. மூன்று தடவையாக இழுக்க வேண்டியிருந்தது. அது நின்ற இடத்தில் தரை வேறு நிறமாக இருக்கிறது. இடைவெளியில் என் நாற்காலியைப் போட்டேன்.

சாப்பிட வந்தவள் பார்த்தாள்.

"என்னப்பா, அங்க போய் உக்காந்துட்டீங்க?"

"இங்க வெளிச்சம் நல்லா இருக்கு."

விளக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்பது மூன்று பேருக்கும் தெரியும். மாப்பிள்ளை விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மாமா சொன்னா அதுதான் வெளிச்சம். ரெண்டு டயரை மாத்திப் போட்டா வண்டியே புதுசா ஓடும்" என்றார். அவள் சிரித்துவிட்டாள்.

இவ்வளவு கிட்டத்திலிருந்து இந்தப் பக்கத்தை நான் பார்த்ததில்லை. சிரிக்கும்போது அந்த இமை இன்னும் கொஞ்சம் இறங்குகிறது. ஓரத்தில் இரண்டு மடிப்பு விழுகிறது, மேலே ஒன்று நீளம், கீழே ஒன்று குட்டை. வலது கண்ணில் மடிப்பு ஒன்றுதான். முதல் சிரிப்பு இங்கேதான் வருகிறது, அப்புறம்தான் அந்தப் பக்கம் போகிறது. பேப்பரை மடித்து வரைந்தவனுக்கு இது எப்படித் தெரியும்?

"மாமா, தட்டைப் பாருங்க. ஆறுது" என்றார் மாப்பிள்ளை.

"பாத்துட்டுப் போறாரு, விடுங்க" என்றாள் அவள். தலையைத் திருப்பவில்லை.